வெயிலில் காயப்போட்ட விளக்குகள்

தம்பி,

வீட்டை விற்றுவிடலாமா என்று நீ கேட்டாய். நான் முற்றத்து விளக்கைப் பற்றிப் பேசினேன். நீ மறுபடியும் கேட்டாய். "உன் வீடு, உன் இஷ்டம்" என்றேன். நீ கோபமாகச் சிலவற்றைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு சிங்கப்பூரிலிருந்து வருவதெல்லாம் கல்யாண வேலைகளைப் பற்றிய செய்திகள்தான். மண்டபம் கிடைத்துவிட்டது. பெண் வீட்டார் செபராங் ஜெயாவிலிருந்து பஸ் பிடித்து மொத்தமாக வருகிறார்கள். மாமி புடவை எடுத்துவிட்டார். எல்லாவற்றையும் ஒழுங்காகத் தெரிவிக்கிறாய். குரல் மட்டும் வருவதில்லை. கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். தை மாதத்தில் உனக்குத் திருமணம். அதற்குள் சொல்லியாக வேண்டும். சொல்கிறேன். ஆனால் என்னால் விளக்கிலிருந்துதான் தொடங்க முடிகிறது. பொறுத்துக்கொண்டு படி.

பின் சந்து வீட்டில் திருடன் ஏறிக் குதித்து கேஸ் சிலிண்டரையும் பிள்ளைகளின் சைக்கிளையும் தூக்கிக்கொண்டு போன செய்தியை நான்தான் உன்னிடம் சொன்னேன். சும்மா ஊர்க்கதையாகத்தான் சொன்னேன். நீ அதைப் பிடித்துக்கொண்டாய்.

"சின்னம்மா, வாசல்ல லைட் போடுங்க. கேட் வரைக்கும் ஒரே இருட்டு."

"போர்ச்ல டியூப் லைட் இருக்கே தம்பி."

"அது போர்ச்சுக்கு மட்டும்தான் லா. அங்கேருந்து கேட் எவ்வளவு தூரம்? நீங்க ஒரே ஆளு."

ஒரே ஆளு. நீ அக்கறையாகத்தான் சொன்னாய். உன் அப்பா போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது, அந்தக் கணக்கு எனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் அன்று நான் வேலை பார்க்கும் நூலகத்தில் புத்தகங்களின் முதுகில் எண் ஒட்டிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்தச் சொல்தான் காதில் நின்றது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எலெக்ட்ரிஷியனைக் கூப்பிட்டேன். அவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, வயரிங் எல்லாம் உன் தாத்தா காலத்தது, புது வயர் இழுக்க வேண்டுமானால் சுவரை உடைத்துத்தான் குழாய் பதிக்க வேண்டும் என்றார். உடைப்பது என்ற சொல்லைக் கேட்டதுமே அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். சோலார் விளக்கு என்றால் எதையும் உடைக்க வேண்டாம், மண்ணில் குத்தினால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலில் பேரங்காடியில் ஒரு பெட்டி வாங்கினேன். குச்சி மாதிரி நீளமாக இருக்கும், தலையில் சிறிய கண்ணாடித் தொப்பி. நடைபாதையின் இரு பக்கமும் குத்தி வைத்தேன். ஏழரை மணி வாக்கில் இருட்டத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக எரிந்தன. நீலம் கலந்த வெள்ளை. போர்ச்சில் நின்று பார்த்தபோது கல்லறைத் திருநாள் இரவில் கல்லறைத் தோட்டத்தைப் பார்ப்பது போல இருந்தது. சரி, திருடனாவது பயப்படுவான் என்று உள்ளே போனேன். சாப்பிட்டுத் தட்டைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் கேட் அருகில் இருந்த ஒன்று மட்டும் எரிகிறது, மற்றதெல்லாம் அணைந்துவிட்டன. பழுது என்று நினைத்தேன். மறுநாள் காலையில்தான் புரிந்தது. மாமரம். முற்றத்தின் மேல் கவிந்து நிற்கிற அந்த மரத்தைத் தாண்டி வெயில் கீழே இறங்குவதே இல்லை. விளக்குகள் பகல் முழுதும் நிழலில் நின்றிருக்கின்றன. பசியோடு நிற்கிறவற்றை வேலை செய் என்றால் எப்படிச் செய்யும்?

அந்த மரத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ பிறந்த வருடம் உன் அம்மா நட்டது. நான் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வாரம், உன் மாமி என்னை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், அதன் அடிமரத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "இது அவள் வச்ச மரம், பிள்ளை. கவனமாப் பாத்துக்கொள்." மாமி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இறந்துபோன தோழியை நினைத்துச் சொன்னார். ஆனால் எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. உங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து பேனாவோடு வந்து கப்பல் கம்பெனி மேசைகளில் உட்கார்ந்த குடும்பம். என் அப்பா அதே கப்பல்களிலிருந்து பட்டர்வொர்த்தில் மூட்டை இறக்கியவர். வீட்டில் கால் வைத்ததிலிருந்தே எதன் மீதும் என் கை பட்டுவிடக் கூடாது என்ற பதற்றம் எனக்குள் இருந்தது. பார்த்துக்கொள் என்ற சொல்லை நான் தொடாதே என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் அந்த மரத்தின் ஒரு கிளையைக்கூட நான் ஒடித்ததில்லை. பழம் பறிக்கக்கூட உன் அப்பாவைத்தான் கூப்பிடுவேன், அவர் இல்லையென்றால் தானாக விழும் வரை காத்திருப்பேன்.

அடுத்ததாக ஆள் நடந்தால் எரிகிற விளக்கு ஒன்று வாங்கினேன். அதை மரக்கிளையில் கயிற்றால் கட்டினேன். ஆணி அடிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை போனால் எரிந்தது. கூரையிலிருந்து மூசாங், அந்த மரநாய், இறங்கி மாம்பழத்தைக் கடித்தால் எரிந்தது. காற்றில் இலை ஆடினாலும் எரிந்தது. இதைச் சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்தால் எனக்குச் சந்தோஷம்தான். எரியும் ஒவ்வொரு முறையும் நான் கையில் இருந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். திருடன் என்று பயந்து போகவில்லை. யாரோ வந்திருக்கிறார்கள் என்று போனேன். பூனைதான் என்று தெரிந்த பிறகும் அடுத்த முறை போனேன். அப்படிப் போவதற்கு ஒரு சாக்கு கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம். சில நாளில் அதுவும் நிழலில் சோர்ந்து அணைந்தது, ஜன்னலுக்குப் போகும் வேலையும் போயிற்று.

அப்போதுதான் நான் அந்த வழியைக் கண்டுபிடித்தேன். காலையில் துணி காயப்போடும்போது விளக்குகளையும் மண்ணிலிருந்து பிடுங்கி, ஒரு வாளியில் போட்டு, பக்கவாட்டில் துணிக்கொடி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் வெயிலில் நிறுத்துவேன். அங்கேதான் மரத்தின் நிழல் எட்டாது. மாலையில் வேலையிலிருந்து வந்ததும் துணியை எடுத்து மடித்துவிட்டு, விளக்குகளை மறுபடி வாளியில் அள்ளி, நடைபாதையில் குத்துவேன். மழை வந்தால் அன்றைக்கு இருட்டு. எதிர்வீட்டுச் சீன அன்ட்டி ஒரு வாரம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பொறுக்க முடியாமல் மலாயில் கேட்டார்.

"அமோய், லம்பு பூன் கெனா ஜெமூர் கா?"

விளக்கையுமா காயப்போட வேண்டும் என்று கேட்கிறார். ஆமாம் அன்ட்டி, இந்த வீட்டில் வெயில் இல்லை என்றேன். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் வீட்டுக்காரரிடம் அவர்கள் ஹொக்கியன் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே உள்ளே போனார். என்ன சொல்லியிருப்பார் என்று மொழி தெரியாமலே புரிந்தது.

நீ நம்பமாட்டாய், எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. மாலையில் வீடு திரும்பும் மனிதர்களுக்கு ஏதாவது ஒன்று காத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு வாளி விளக்கு காத்திருந்தது. ஆனால் வேலை முடிந்து வர நேரமானால், மழை பிடித்துக்கொண்டால், தலைவலி என்றால், முற்றம் இருட்டாகக் கிடந்தது. நீயும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாய், லைட் போட்டாச்சா இல்லையா என்று. அதனால் ஒரு சனிக்கிழமை ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நம் ஆள், வாய் ஓயாதவர். நான் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்புறம் அக்கா. மொதல்ல வெயில் எங்க விழுதுன்னு சொல்லுங்க."

"பக்கத்துச் சுவர்ல விழும். முற்றத்துல மாமரம்."

"மரத்துக்குக் கீழ சோலார் வெச்சீங்களா? அது ஆபீஸ்ல தூங்குற ஆளு மாதிரி அக்கா. இடத்த அடச்சுக்கும், வேல செய்யாது." பின்னாலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "இது பாருங்க. பேனல் தனி, லைட் தனி. பேனல வெயில்ல மாட்டுங்க, வயர இழுத்து லைட்ட மரத்துக்குக் கீழ வைங்க. வெள்ளையா வேணாம், கண்ணு கூசும், மஞ்சளா எடுங்க. பேட்டரி கழட்டி மாத்துற மாதிரி இருக்கான்னு பாத்துக்கங்க, சில சாமான்ல செத்துப்போனா மொத்தமா தூக்கிப் போடணும். இது மாத்தலாம்."

எல்லாம் சரியாக இருந்தது. நிறம்கூடச் சரி, வெளிறிய மஞ்சள், பழைய குண்டு பல்பு மாதிரி. "எப்படி மாட்டறது?" என்று கேட்டேன்.

"டிரில் போட்டு நாலு ஸ்க்ரூ. அவ்வளவுதான்."

"டிரில் போடாம முடியாதா?"

"கயித்துல கட்டுவீங்களா அக்கா? பேய்மழைக்குத் தாங்குமா?" என்னை உற்றுப் பார்த்தார். "வாடகை வீடா?"

தம்பி, நான் ஆமாம் என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று. அவர் உடனே இளகிவிட்டார். "அத மொதல்லயே சொல்லலாம்ல. ஹவுஸ் ஓனர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க. சில பேரு ஆணி அடிச்சாலே டெபாசிட்ட புடிச்சுக்குவான்." அந்தப் பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். நான் வெறும் கையோடு பஸ்ஸில் ஏறினேன். கொம்தார் கோபுரத்தைத் தாண்டும் வரை அந்த ஆமாம் என்னை விடவில்லை. பொய் சொன்னதற்காக இல்லை. சொன்னபோது அது பொய் மாதிரியே தோன்றவில்லை. அதுதான் என்னை ஆட்டிவிட்டது.

அன்று மாலைதான் நீ கூப்பிட்டாய். வாளியிலிருந்து விளக்குகளை எடுத்துக் குத்திக்கொண்டிருந்தேன், கையெல்லாம் மண்.

"சின்னம்மா, ஒருத்தரு வீட்டக் கேக்குறாரு. ஹோம்ஸ்டே பண்ணப் போறாராம். நல்ல வெல சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

"இன்னிக்கு ஒரு கடைல லைட் பாத்தேன் தம்பி. பேனல் தனியா, லைட் தனியா வருது."

"நான் வீட்டப் பத்திக் கேக்குறேன்."

"உன் வீடு. உன் இஷ்டம்."

"வித்தா நீங்க எங்க இருப்பீங்க?"

"பாயான் பாருல ரூம் கெடைக்கும். எங்க லைப்ரரில ஒரு பொண்ணு இருக்கா, அவகூட..."

"ரூமா? அதெல்லாம் யோசிச்சு வெச்சாச்சா? எப்பலேருந்து?"

"சும்மா சொல்றேன் தம்பி."

"சும்மா இல்ல. நீங்க வந்த நாள்லேருந்து இப்படித்தான். பஸ் ஸ்டாண்டுல நிக்கிற ஆளு மாதிரியே இருந்தீங்க. அந்தப் போட்டோ ஞாபகம் இருக்கா? உங்க அப்பா அம்மா போட்டோ?"

எனக்கு ஞாபகம் இல்லை என்று நினைத்தாயா? நான் கொண்டுவந்த ஒரே படம் அது. அலமாரியின் மேல் சாய்த்து வைத்திருந்தேன். காற்றில் ஒருநாள் விழுந்து கண்ணாடி உடைந்தது. பள்ளிச் சீருடையோடு நீ சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாய், சுவரில் மாட்டிவிடவா என்று. வேண்டாம் தம்பி, சுவர் கெட்டுப்போய்விடும் என்றேன். நான் அதை ஒரு நல்ல காரியமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா வாழ்ந்த சுவரில் என் ஆட்களின் படத்தை மாட்டி உன்னைக் காயப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன். நீ சொன்னது வேறு.

"எனக்கு அப்ப என்ன வயசு? ஒரு ஆணி அடிக்க வுடலன்னா என்ன அர்த்தம்? போகப் போறாங்கன்னு அர்த்தம். ஸ்கூல் விட்டு வந்தா நான் மொதல்ல வாசல்ல உங்க செருப்பு இருக்கான்னு பாப்பேன். ஃபார்ம் ஃபைவ் முடிச்சு ஸ்கூல விடுற வரைக்கும் பாத்தேன். இப்ப கல்யாணம் பண்ணப் போறேன், இப்பவும் நீங்க உன் வீடு உன் வீடுன்னா நான் என்ன செய்யறது? வித்துத் தொலைக்கிறேன், நீங்களும் நிம்மதியா ரூமுக்குப் போங்க."

அதோடு போன் நின்றது. நான் முற்றத்திலேயே நின்றிருந்தேன். மண்ணில் பாதி விளக்கு, வாளியில் பாதி விளக்கு.

என் பக்கத்தை நான் சொல்லாமல் விட்டால் அது மறுபடியும் அதே விருந்தாளி மரியாதையாகிவிடும், அதனால் சொல்கிறேன். எனக்கும் உனக்கும் பன்னிரண்டு வயதுதான் வித்தியாசம். உனக்கு அம்மாவாக இருக்க எனக்குத் தெரியாது, அக்காவாக இருக்க எனக்கு உரிமை இல்லை. உன் அம்மாவின் இடத்தைப் பிடிக்க வந்தவள் என்று நீ நினைத்துவிடுவாயோ என்ற ஒரு பயத்தை வைத்துத்தான் நான் இந்த வீட்டில் எல்லாவற்றையும் செய்தேன். சமையலறையில் டப்பாக்கள் அவள் வைத்த வரிசையிலேயே இருந்தன. திரைச்சீலை கிழிந்தபோது அதே நிறத்தில் தேடி வாங்கினேன். வீட்டை உன் பெயருக்கு மாற்றச் சொல்லி உன் அப்பாவிடம் நச்சரித்ததும் நான்தான். அவர் தயங்கினார். "நீயும் இருக்கிறாயே" என்றார். நான் எதற்கு என்று சிரித்தேன். எதையும் எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் யாருக்கும் வலிக்காது என்பது என் கணக்கு. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பையன் ஒவ்வொரு மதியமும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. நிறையப் படிக்கிறவள் என்று என்னைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். கதைகளில் வருகிறவர்களின் மனதை எல்லாம் படித்திருக்கிறேன்.

நீ பேசாத இந்த வாரங்கள் எப்படிப் போயின என்றும் சொல்லிவிடுகிறேன். நல்லாயிருக்கேன் தம்பி என்று இதுவரை நீ கேட்டபோதெல்லாம் சொல்லியிருக்கிறேன். இனிமேல் அப்படிச் சொல்லப்போவதில்லை. நன்றாக இல்லை. தினமும் மழை. விளக்குகளை வெயிலுக்குக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன், கொண்டுபோக வெயிலும் இல்லை. ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது எப்படி என்று எனக்கு இன்னும் கைவரவில்லை, எப்போதும் மிஞ்சுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியத்துக்குமேல் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இருட்டிவிடுகிறது. தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் பதிலுக்கு வணக்கம் சொல்கிறேன். இதையெல்லாம் நீ திரும்பி வர வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. உன் வேலை அங்கே, உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் வேலையும் அங்கே. ஆனால் தனியாக இருக்கிறவள் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், பிள்ளைகள் விளக்கை அனுப்புகிறார்கள், காமிரா அனுப்புகிறார்கள், பணம் அனுப்புகிறார்கள். வேறு எதை அனுப்புவது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாம்தானே சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல் பலரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணமும் அதுதான். சொந்த வீட்டில் விருந்தாளியாக வாழ்ந்து பழகிவிட்ட பெண்கள் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

போன சனிக்கிழமை மழை விட்டது. மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை மறக்கவில்லை.

"வாங்க அக்கா. ஓனர் என்ன சொன்னாரு?"

"ஓனர் கோவமா இருக்காரு."

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல! டிரில் போடக் கூடாதுன்னுட்டானா?"

"இல்ல அண்ணே. ஏன் கேட்டீங்கன்னு கோவம்."

"அப்படி ஒரு ஓனர் எங்க அக்கா இருக்காரு? அட்ரஸ் குடுங்க, நான் குடி வந்துடுறேன்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியை எடுத்து வைத்தார். ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். அவருக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் சுவருக்குள் செருகுகிற பிளாஸ்டிக் குழல்களைக் கூடுதலாகவே போட்டுக்கொடுத்தார். "மொதல் ஓட்டை தப்பாத்தான் போவும், பயப்படாதீங்க" என்றார்.

டிரில் மெஷின் எதிர்வீட்டு அன்ட்டியின் வீட்டுக்காரருடையது. ஏணியும் அவர்களுடையதுதான். அன்ட்டி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார், "பிலான் பிலான் லா", மெதுவாக மெதுவாக என்று நொடிக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டே. துணிக்கொடி இருக்கிற பக்கத்துச் சுவர், மதிய வெயில் நேராக விழுகிற இடம். மெஷினைச் சுவரில் வைத்து அழுத்தினேன். பழைய சுண்ணாம்புச் சுவர், வெண்ணெய் மாதிரி இறங்கும் என்று நினைத்தேன், உள்ளே கல்லாக இருந்தது. முழு உடம்பையும் சாய்த்து அழுத்த வேண்டியிருந்தது. செங்கல் பொடி முகத்தில், முடியில், அன்ட்டியின் தலையில். கடைக்காரர் சொன்னபடியே முதல் ஓட்டை தப்பாகப் போயிற்று, பக்கவாட்டில் சரிந்து. அதைவிட்டு நாலு விரல் தள்ளி மறுபடி போட்டேன். பேனல் இப்போது சற்றுச் சாய்ந்துதான் நிற்கிறது, வெயில் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தத் தப்பான ஓட்டையை நான் அடைக்கவில்லை. அன்ட்டி சிமெண்ட் கொண்டுவரட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். இந்தச் சுவரில் நான் செய்த முதல் காரியம் அது. கொஞ்ச நாள் இருக்கட்டும்.

மரத்தை வெட்டவில்லை. இப்போது அது பயத்தால் இல்லை. மாம்பழம் எனக்குப் பிடிக்கும், அந்த மரத்தை வைத்த பெண்ணின் மீதும் எனக்கு ஒரு பிரியம் உண்டு. ஆனால் கூரையில் உரசுகிற ஒரு கிளையைத் தை மாதத்துக்குமுன் கழிக்கப்போகிறேன். மாமியிடம் அனுமதி கேட்கப்போவதில்லை, சொல்லப்போகிறேன்.

நீ ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறாய். உனக்குச் சொல்ல எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் உண்டு. அவள் வந்த முதல் வாரத்திலேயே அவள் கையால் சுவரில் ஒரு ஆணி அடிக்கட்டும். வாடகை ஃபிளாட்டாக இருந்தாலும் சரி, டெபாசிட் போனாலும் சரி. வேண்டாம், சுவர் கெட்டுவிடும் என்று அவள் சொன்னால் அதை நல்ல குணம் என்று மெச்சிவிட்டுப் போய்விடாதே. உன் அப்பா மெச்சினார். நல்ல மனிதர், என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை, இங்கே இதை மாற்று என்றும் ஒரு நாளும் சொன்னதில்லை. நீயோ, பதினான்கு வயதில், சுத்தியலோடு வந்து நின்றாய். இந்த வீட்டில் என்னிடம் சரியான கேள்வியைக் கேட்டவன் நீ ஒருவன்தான். அவளுக்காகவும் அந்தச் சுத்தியலை எடு. அவள் எதையும் கேட்காமல் இருக்கிறாள் என்றால், உன்மீது பாரம் ஏற்றாமல் இருக்கிறாள் என்று எண்ணாதே. கிளம்பத் தயாராக இருக்கிறாளோ என்று யோசி.

இன்று மாலை வேலையிலிருந்து வந்தபோது முற்றத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாகவே எரிந்தது. மரத்தின் அடியில் மஞ்சளாக ஒரு வட்டம், நடைபாதை கேட் வரை தெரிந்தது. வாளி கவிழ்ந்து கிடந்தது. தூக்கிக்கொண்டு போக எதுவும் இல்லாமல் கை சும்மா இருந்தது. அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வீட்டை விற்காதே. எனக்கு விருப்பமில்லை. ஹோம்ஸ்டே நடத்த வருகிறவரிடம், வீட்டில் ஆள் இருக்கிறது, அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடு. பத்திரத்தில் உன் பெயர் இருக்கிறது, எனக்குத் தெரியும், இருக்கட்டும். இந்த வீட்டில் நான் உன்னை வளர்த்தேன், உன் அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டேன். இது என் வீடும்தான். கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் வந்தால் முன் அறை உங்களுக்கு. பின் அறையை நான் கொடுக்கமாட்டேன், அங்கே என் புத்தகங்கள் இருக்கின்றன. அலமாரி அடிக்கப்போகிறேன், சுவரோடு சேர்த்து.

இல்லை, விற்றுத்தான் ஆக வேண்டும், எங்களுக்கு அதற்குக் காரணம் இருக்கிறது என்றால் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வா. செய்தி அனுப்பாதே. எதிரில் உட்கார்ந்து காரணத்தைச் சொல். நான் எதிர்த்துப் பேசுவேன். நீயும் விட்டுக்கொடுக்காதே, குரலை உயர்த்து, அன்று போனில் பேசினாயே, அப்படிப் பேசு. அன்றைக்குத்தான் நீ என்னிடம் முதல்முறையாக மகன் பேசுகிற மாதிரி பேசினாய். நான்தான் பதில் சொல்லாமல் நின்றுவிட்டேன். இந்த முறை நிற்கமாட்டேன்.

எந்தச் சனிக்கிழமை என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நான் வீட்டில்தான் இருப்பேன்.

சின்னம்மா